எலும்புக்குள் தடி நடுகிறவர்கள்

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பூவரசின் நிழல் மெல்ல நகர்ந்து வாசலுக்கு வரும்போதுதான் கனிசியசின் இடது காலுக்குள் ஆட்கள் வேலையைத் தொடங்குவார்கள். கண்ணை முழுதாக மூடக்கூடாது; முழுதாகத் திறந்திருக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில், கட்டிலும் கூரையும் ஒன்றாகச் சேர்ந்து ஆடுகிற அந்த இடத்தில் கிடந்தால் அவர்களைக் காணலாம். முழங்காலுக்குக் கீழே ஒரு கடல் இருந்தது. கொழும்புத்துறைக் கடலைப் போலவே ஆழமில்லாத, இடுப்பளவு தண்ணீருள்ள, வெயில் பட்டால் அடி தெரிகிற கடல். அதில் வரிசை வரிசையாகத் தடிகள் நின்றன. ஒரு பக்கத்தில் சிலர் தடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கத்தில் சிலர் நட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை.

வரவரப் பிடுங்குகிறவர்கள் கூடிக்கொண்டு வந்தார்கள். அதுதான் கனிசியசின் கவலை. மனைவி மக்டலீனிடம் சொன்னால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். தம்பி சிமியோனிடம் சொன்னால் பொழுது படுமுன் கடற்கரை முழுவதும் தெரிந்துவிடும். ஆகவே அவர் ஒருவரிடமும் வாய் திறக்காமல் கிடந்தார்.

மற்றப்படி அவர் கனவு காண்கிற ஆள் அல்ல. கடலில் தடி நட்டு, தடிக்குத் தடி வலை கட்டி, நீரோட்டத்தோடு வருகிற இறாலை மறித்துப் பிடிக்கிற சிறகுவலைக்காரர். சேற்றில் காலைப் புதைத்து, தடியை நெஞ்சோடு அணைத்து ஓர் அமத்து அமத்தினாரென்றால் பிறகு எந்தக் காற்றுக்கும் அது அசையாது. புழு அரித்த தடியை விரலால் தட்டிப் பார்த்தே பிடித்துவிடுவார். பெருநாளன்று புனித அந்தோனியாரின் சுருவச் சிலை வைத்த கூட்டைத் தோளில் தூக்கிப் போகிறவர்களில் முன்பக்கத்து இடது தோள் எப்போதும் அவருடையதுதான். அப்படிப்பட்ட மனிதரைக் கட்டிலில் போட்டது, பதுங்குவதற்கு வெட்டிய ஒரு கிடங்கு.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாரியில் நடந்த சங்கதி. முற்றத்தில் குந்தியிருந்து வலையைச் செப்பம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹெலியின் சத்தம் கேட்டது. மக்டலீனை முதலில் பங்கருக்குள் இறக்கிவிட்டு அவர் பின்னால் குதித்தார். முதல்நாள் மழையில் பங்கருக்குள் தண்ணீர் நின்றது. படி எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. இடது கால் இரண்டு பனங்குற்றிகளுக்கு நடுவே போனது. உடம்பு வேறு திசையில் போனது. ஹெலி தன்பாட்டில் தீவுப்பக்கம் திரும்பிப் போய்விட்டது. ஒரு வேட்டுக்கூடத் தீர்க்கவில்லை. "அவன் சும்மா போயிட்டான். எங்கடை பங்கர்தான் அண்ணையைச் சுட்டது" என்று சிமியோன் பிறகு சொல்லித் திரிந்தான்.

அன்றைக்கு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கணைக்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. சேற்றுத் தண்ணீர் புண்ணுக்குள் போயிருந்தது. கதவுப் பலகையில் கிடத்தி ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது, இந்தக் கால் தப்பாது, முழங்காலோடு எடுக்கப்போகிறார்கள் என்று வழியில் நின்ற சனம் பேசிக்கொண்டது. கூட ஓடிவந்த மக்டலீனின் காதில் அது விழுந்தது. அந்தோனியார் கோவில் வாசலில் அவள் அப்படியே நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள்.

"அந்தோனியாரே! இந்தக் காலைக் காப்பாத்தித் தாரும். உம்மடை கொடியேறுற அண்டைக்கு, உம்மடை முத்தத்து மண்ணிலைதான் அது முதல் படும். அதுவரைக்கும் வேறை நிலத்திலை படவிடமாட்டன். இது என்ரை நேத்தி!"

ஊரே கேட்க வைத்த நேர்த்தி. காலும் தப்பிவிட்டது. மருந்துக்குத் தட்டுப்பாடான அந்தக் காலத்தில் டாக்குத்தர் தியாகராசா எங்கெங்கோ தேடி மருந்து பிடித்து, புண்ணைக் கழுவிக் கழுவி, எலும்பைப் பொருத்தி, மாவுக்கட்டுப் போட்டு, காலைக் காப்பாற்றிக் கொடுத்தார். மக்டலீனைக் கேட்டால், அந்தோனியார் டாக்குத்தரைக் கொண்டு செய்வித்தார் என்பாள். டாக்குத்தர் உரும்பிராய்த் தோட்டக்காரரின் பிள்ளை, சைவ சமயக்காரர். யார் செய்தாலென்ன, கால் கிடக்கிறதுதானே என்று அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஆசுபத்திரி வாட்டில் வைத்துத்தான் கனிசியஸ் தன் காலுக்குள் குடியிருப்பவர்களைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்பட்டார்.

"அண்ணை, எலும்பை நீங்கள் செத்த சாமான் எண்டு நினைக்கிறியள். அது உயிருள்ள சாமான்," என்றார் டாக்குத்தர், கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு. "அதுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கலங்கள் இருக்குது. ஒரு கூட்டம் பழைய எலும்பை அரிச்சு எடுக்கும். மற்றக் கூட்டம் அந்தக் குழியிலை புதுசு போடும். எங்கடை தோட்டம் மாதிரித்தான். பழசைப் பிடுங்கிறது, புதுசு நடுறது. நீங்கள் நித்திரை கொள்ளேக்கையும் அந்த வேலை நடக்கும்."

"சிறகுவலையும் அப்பிடித்தான்," என்றார் கனிசியஸ். "உளுத்த தடியைப் பிடுங்காட்டில் புதுத்தடிக்கு இடமில்லை."

"அதேதான். ரெண்டு கூட்டமும் சரிக்குச் சரியா வேலை செய்யுமட்டும் ஒரு வருத்தமும் இல்லை. பிடுங்கிறது கூடி நடுறது குறைஞ்சால்தான் எலும்பு பழுதாப்போகும்." டாக்குத்தர் எழும்பப்போனவர் திரும்பவும் இருந்தார். "இன்னொரு கூட்டமும் இருக்கு. அவை முந்தி நட்ட ஆக்கள்தான். தாங்கள் கட்டின எலும்புக்குள்ளையே தங்கிவிடுவினம். வெளியிலை வாறேல்லை. ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கொண்டு, பாரம் வருதோ எண்டு பாத்துக்கொண்டு இருப்பினம். நீங்கள் கால் ஊன்றினால், ஆள் நடக்கிறார், இன்னும் நடுங்கோ எண்டு சொல்லுவினம். ஊன்றாட்டில், இஞ்சை ஒருத்தரும் இல்லை, பிடுங்குங்கோ எண்டு சொல்லிப்போடுவினம். அதாலை கட்டைக் கழட்டின அண்டைக்கே கால் ஊன்றத் தொடங்க வேணும். விளங்குதோ?"

"ஓம்," என்றார் கனிசியஸ். கட்டிலின் கால்மாட்டில் நின்ற மக்டலீன் ஓம் என்று சொல்லவில்லை.

மாவுக்கட்டைக் கழற்றியது மாசியில். கொடியேற்றம் ஆனியில். நடுவில் கிடந்த மாதங்களை டாக்குத்தரும் அந்தோனியாரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்தார்கள். வீட்டில் யார் வெல்வார் என்பதில் சந்தேகமே இல்லை. மக்டலீன் ஒன்று நினைத்தாளென்றால் நினைத்ததுதான். கனிசியசின் கால் மண் தரையில் படாமல் கட்டிலிலேயே கிடந்தது. பின்வளவுக்குப் போகவேண்டுமென்றால் சிமியோனும் பக்கத்து வீட்டுச் சந்தியோகும் அவரைக் கதிரையில் வைத்துத் தூக்கிப் போவார்கள். "சுருவம் வருது, விலத்துங்கோ!" என்று சிமியோன் வேலிக்கு மேலால் கத்துவான். சுருவம் தூக்கிய மனிதர் சுருவமாகிப் போனதில் கனிசியசுக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி மாளாது. சிமியோன் பூவரசந்தடியில் வெட்டிக் கொடுத்த ஊன்றுகோல் தலைமாட்டுச் சுவரில் சாத்தியபடி நின்று சிலந்திவலை பிடித்தது.

அவருக்கும் பயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நேர்த்தியை மீறினால் அந்தோனியார் கொடுத்த காலைத் திரும்ப எடுத்துவிடுவாரோ என்ற பயம். மக்டலீன்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சுகமாகக் கிடந்தார் என்றும் சொல்லலாம்.

மக்டலீனோ அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். பிள்ளைகள் நான்கு பேரும் மன்னார், இந்தியா, பிரான்ஸ் என்று திசைக்கொன்றாகப் போய்விட்டார்கள். வீட்டில் பார்ப்பதற்கு அவர் ஒருவர்தான். எலும்புக்கு நல்லதென்று யார் எதைச் சொன்னாலும் தேடிக் கொண்டுவந்தாள். கடற்கரைக்குப் போய் நின்று நண்டு கேட்டு வாங்கி, இடித்துச் சாறு வைத்தாள். நெத்தலியை முள்ளோடு தீயலாக்கினாள். முருங்கை இலையை மீன் சொதிக்குள் போட்டாள். சிமியோனின் கோழி இடுகிற முட்டை நேரே அவருடைய கோப்பைக்குள் வந்தது. சீனி கண்ணால் காண முடியாத காலம். பனங்கட்டித் துண்டையும் அவருக்கே பெரிதாக உடைத்தாள்.

"நீ சாப்பிட்டனியே?" என்று கேட்பார்.

"தபசுகாலமெல்லே. நான் ஒருசந்தி."

ஈஸ்டருக்கு முந்திய தபசுநாட்களில் ஒரு நேரம் மட்டும் சாப்பிடுவதுதான் ஒருசந்தி. அந்த ஒரு நேரத்தையும் அவள் வெறுந்தேத்தண்ணியோடு முடித்துக்கொண்டதைக் கனிசியஸ் கவனிக்கவில்லை. தபசுகாலம் தொடங்குவதற்கு முன்பும் அவள் அப்படித்தான் இருந்தாள் என்பதும் அவருக்குப் படவில்லை. நத்தார்ப் பெருநாளோடு அவளுக்கு ஒரு கடைவாய்ப் பல் விழுந்தது. தண்ணீர்க்குடத்தை இறக்கியபின் நிமிர்வதற்கு அவளுக்கு வரவர நேரம் எடுத்தது. கட்டிலில் கிடக்கிற மனிதன் தன் காலைத் தவிர வேறு எதைத்தான் பார்க்கிறான்!

பங்குனி வெயிலில் கனவுகள் நீண்டன. இப்போது காலுக்குள் கடல் வற்றத் தொடங்கியிருந்தது. தடிகளுக்கிடையில், கழுத்தளவு சேற்றில் புதைந்தபடி ஒரு கூட்டம் நிற்பதைக் கனிசியஸ் கண்டார். தாங்கள் நட்ட தடிகளுக்குள்ளேயே நின்றுவிட்டவர்கள் அவர்கள். மெல்லிய நீண்ட கைகளால் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு, தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு பெரிய பாரம் மேலிருந்து வருமென்று காத்திருக்கிறார்கள். பாரம் வரவில்லை. அவர்களுடைய முகம் வாடியது. ஒருவர் மற்றவரின் கையைத் தட்டினார். அந்தத் தட்டு கையிலிருந்து கைக்குப் போய்க் கடலின் அந்தக் கரையைச் சேர்ந்தது. உடனே பிடுங்குகிறவர்கள் இன்னும் கொஞ்சப் பேர் இறங்கினார்கள்.

அவர்கள் பிடுங்கிய தடிகளைத் தோணியில் ஏற்றினார்கள். தோணி சிவப்பு வாய்க்கால் ஒன்றால் மேல்நோக்கிப் போனது.

"என்ரை தடியளை எங்கை கொண்டுபோறியள்?" என்று கனிசியஸ் கேட்டார்.

"கேக்கிற இடத்துக்கு," என்றார் தோணிக்காரர். "நெஞ்சு அடிக்க இது வேணும். கை மடங்க வேணும். எலும்புதான் களஞ்சியம். கேட்டால் குடுக்கத்தான் வேணும்."

"திரும்பக் கொண்டுவந்து நடமாட்டியளோ?"

"நடுறதுக்குச் சொல்ல ஆளில்லையே," என்று அவர் போய்விட்டார்.

அதே தோணியில் ஏறி இன்னொரு நாள் வேறொரு கடலுக்குப் போனார். அது அவருடைய கடல் அல்ல. தண்ணீர் இன்னும் தெளிவாக இருந்தது. தடிகள் மெலிந்து, பஞ்சு போல ஓட்டை விழுந்து, வரிசை குலைந்து நின்றன. பிடுங்குகிறவர்கள் மட்டும் அவசரம் அவசரமாக வேலை செய்தார்கள். நடுகிறவர்கள் வெறுங்கையோடு கரையில் குந்தியிருந்தார்கள். நடுவதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. எங்கோ ஒரு தாலாட்டு மெல்லக் கேட்டது. இது யாருடைய கடல் என்று கேட்க வாயெடுத்தபோது விழிப்பு வந்துவிட்டது. கட்டிலுக்கு அருகே, நண்டுச்சாறு வைத்த கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு மக்டலீன் சுவரோடு சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, எழும்பிட்டியளே? ஆறமுதல் குடியுங்கோ," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் குடித்தார். அவ்வளவு கண்ட மனிதருக்கு அந்தக் கனவு மட்டும் விளங்கவில்லை. ஆண்பிள்ளையின் புத்தி அப்படித்தான்.

குருநகரில் யாரையோ பார்க்க வந்த டாக்குத்தர் தியாகராசா, ஒருநாள் சைக்கிளை இந்தப் பக்கம் திருப்பினார். ஆள் ஏன் ஆசுபத்திரிப் பக்கமே வரவில்லை என்று பார்க்க வந்தவர், கட்டிலில் கிடந்த காலைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். வலது கால் கால்போல இருந்தது. இடது கால் முருங்கைக் கொப்புப்போல இருந்தது. கணைக்காலைக் கையால் தடவி, அமத்திப் பார்த்தார்.

"எலும்பு பொருந்தியிட்டுது. ஆனால் அண்ணை, நீங்கள் ஒருநாளும் ஊன்றேல்லை."

கனிசியஸ் கூரையைப் பார்த்தார். மக்டலீன்தான் நேர்த்தியைச் சொன்னாள். தலையை நிமிர்த்தியே சொன்னாள்.

"நீங்கள் சைவக்காரர். உங்களுக்கு நேத்தி தெரியாதே?"

"நல்லாத் தெரியும் அக்கா. எனக்குப் பொக்குளிப்பான் வந்து தப்பினதுக்கு எங்கடை அம்மா தூக்குக்காவடி நேந்தவா. நான்தான் எடுத்தனான். முதுகிலை தழும்பு கிடக்கு." அவர் சிரிக்கவில்லை. "ஆனால் எலும்புக்குக் கொடியேற்றம் தெரியாது. அதுக்குப் பாரம் மட்டும்தான் தெரியும். கொடியேறுற அண்டைக்கு நீங்கள் இவரை அந்தோனியாருக்கு முன்னாலை நிப்பாட்டுவியள். அண்டைக்கு இந்தக் கால் புழு அரிச்ச தடி மாதிரி இருக்கும். அந்த முத்தத்திலையே முறியும். பேந்து இவர் கடலுக்குப் போறேல்லை, நடக்கிறதும் இல்லை. அந்தோனியார் அதுக்கே காப்பாத்தித் தந்தவர்?"

டாக்குத்தர் ஊன்றுகோலிலிருந்த சிலந்திவலையைத் துடைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் சாத்திவிட்டுப் போனார். வேலிப் படலையைத் தாண்டும்போது திரும்பி மக்டலீனை ஒருமுறை பார்த்தார். எதையோ சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டவர் போலிருந்தது.

அன்று பின்னேரம் முழுவதும் அவள் வீட்டுச் சுருவத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். செபமாலை கையில் இருந்தது, உருட்டவில்லை. பேசிக்கொண்டிருந்தாள். கனிசியசுக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. அது மன்றாட்டு மாதிரி இல்லை. சந்தையில் மீன்காரியோடு விலை பேசுவது மாதிரி இருந்தது. கடைசியில் எழுந்து வந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"மண்ணை மாத்தமாட்டன். நாள் ஒண்டைத்தான் மாத்துறன். அந்தோனியாரின்ரை முத்தத்து மண்ணை இஞ்சை கொண்டுவந்து கட்டிலடியிலை இருந்து படலைமட்டும் பரவிவிடுறன். நீங்கள் அதிலை நடவுங்கோ. நாள் தவறினதுக்குத் தண்டனை தரவேணும் எண்டால் எனக்குத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறன். உங்களிலை கை வைக்கமாட்டார்."

"உதென்ன கதை? உனக்கேன் தண்டனை?"

"நேந்தது நான். நீங்கள் வாயை மூடிக்கொண்டு கிடவுங்கோ."

முப்பது வருடமாகக் கனிசியஸ் அவளை அதட்டியிருக்கிறார், கோபித்திருக்கிறார், பெருநாளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். உன்னில் எனக்கு எவ்வளவு விருப்பம் என்று ஒருநாள் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு கிடந்தார்.

மறுநாள் காலை அவள் பனையோலைக் கடகத்தோடு கோவிலடிக்குப் போனாள். பங்குச் சுவாமியிடம் கேட்டாள். மண்தானே, அள்ளிக்கொண்டு போ என்றார் அவர். தலையில் சுமந்து வந்து கட்டிலடியில் கொட்டி, கையால் தடவிப் பரவினாள். வெள்ளை மணல். பெருநாட்களில் சனம் மிதித்து மிதித்து மாவான மணல். திரும்பப் போனாள். திரும்ப வந்தாள். ஈரமணல் சரியான பாரம். ஒவ்வொரு முறையும் கடகத்தை இறக்கியபின் முதுகைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். சிமியோன் கடலால் வந்ததும் சுமக்கட்டுமே என்றார் கனிசியஸ். நேந்தவள்தான் சுமக்க வேண்டும் என்றாள். அறையின் நடுவரைக்கும் வெள்ளைப் பாதை வந்துவிட்டது.

"படலைமட்டும் வந்தாப்பிறகுதான் இறங்க வேணும். சொல்லிப்போட்டன்," என்றுவிட்டு அவள் அடுத்த நடைக்குப் போனாள்.

கனிசியஸ் கண்ணைப் பாதி மூடினார். காலுக்குள் கடல் ஒரே அமைதியாக இருந்தது. சேற்றுக்குள் நின்றவர்கள் எல்லோரும் தலையைச் சரித்து எதையோ எதிர்பார்த்தார்கள். எங்கோ படலை கிறீச்சிட்டது. பிறகு பொத்தென்று ஒரு சத்தம். பிறகு, "ஐயோ அந்தோனியாரே" என்று ஒரு சின்னக்குரல்.

அது கனவில் கேட்ட குரல் அல்ல.

"மக்டலீன்!"

பதில் இல்லை. "சிமியோன்! சந்தியோகு!" என்று கத்தினார். கடலுக்குப் போனவர்களுக்கு எப்படிக் கேட்கும்? அவர் எழுந்து இருந்தார். கை தானாக ஊன்றுகோலைப் பிடித்தது. வலது காலை வைத்தார். இடது கால் அந்தரத்தில் தொங்கியது. அது தன்னுடைய கால் என்றே தோன்றவில்லை. முருங்கைக்கொப்பு. படாரென்று முறிந்தால் இனி ஆயுளுக்கும் கதிரைதான். மணலைப் பார்த்தார். மணலில் அவளுடைய கைவிரல்கள் தடவிய கோடுகள் அப்படியே இருந்தன. ஊன்றினார்.

நெருப்புப் போல நோ ஏறியது. கண் இருண்டது. அந்த இருட்டுக்குள் கடல் முழுவதும் ஒரேயடியாகக் குலுங்கியதைக் கண்டார். சேற்றுக்குள் நின்ற அத்தனை பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். கை கையைப் பற்றியது. வந்திட்டார், ஆள் வந்திட்டார் என்ற செய்தி கரையெல்லாம் ஓடியது. பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் பிடுங்கிய தடியோடு அப்படியே நின்றார்கள்.

இன்னோர் அடி வைத்தார். இன்னும் ஒன்று. அறையின் நடுவில் வெள்ளை மணல் முடிந்தது. அதற்கு அப்பால் வெறும் தரை; வாசல்; கோழி கிளறிய முற்றம்; படலை. படலைக்கும் முற்றத்துக்கும் நடுவே கடகம் கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தாள்.

மணல் விளிம்பில் அவர் நின்று யோசித்தார் என்று சொன்னால் அது பொய். அவருக்கு மணலும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை. நொண்டி நொண்டி, கோலை ஊன்றி, வேர்த்து விறுவிறுத்து, முற்றத்து மண்ணைக் கால்விரலால் உழுதுகொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் விழுந்தாற்போல் இருந்தார்.

மக்டலீன் கண்ணைத் திறந்தாள். முதலில் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள்.

"ஐயோ, நிலத்திலை வைச்சிட்டியளே!"

"வைச்சிட்டன். எங்கை நோகுது?"

"கை," என்று சொல்லிவிட்டு அவள் குழந்தைபோல அழுதாள். வலது மணிக்கட்டு கரண்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் வளைந்து கிடந்தது. "பெரிசா விழேல்லை. கால் இடறிச்சுது, கையை ஊன்றினன், அவ்வளவுதான். அதுக்கு முறியுமே? இது அவரின்ரை தண்டனைதான். கேட்டது குடுத்திட்டார்."

ஆட்கள் கடலால் வந்தபிறகு, சிமியோனின் சைக்கிளில் மக்டலீனும், சந்தியோகின் சைக்கிளில் கனிசியசுமாக ஆசுபத்திரிக்குப் போனார்கள். எக்ஸ்ரே படம் எடுக்கத் தட்டுப்பாடு. டாக்குத்தர் தியாகராசா கையாலேயே பார்த்து, எலும்பை இழுத்துப் பொருத்திக் கட்டினார். பிறகு அவளை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். நிமிர முடிந்த அளவுக்கு நிமிர்ந்தாள். முதுகெலும்பை மேலிருந்து கீழாகத் தடவினார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். விழுந்த பல்லைப் பற்றிக் கேட்டார். அன்றைக்குப் படலையில் வைத்துச் சொல்லாமல் போனது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"அக்கா, நீங்கள் என்ன சாப்பிடுறனீங்கள்?"

மக்டலீன் நிலத்தைப் பார்த்தாள். சிமியோன் அண்ணனைப் பார்த்தான். பதில் சொல்லவேண்டியவர் தான்தான் என்பது கனிசியசுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாம் நான்தான் சாப்பிட்டனான்," என்றார்.

டாக்குத்தர் ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. மெல்லச் சொன்னார்: "நாலு பிள்ளை பெத்து, நாலுக்கும் பால் குடுத்த உடம்பு. அப்பவும் எலும்பிலை இருந்துதான் எடுத்துக் குடுத்தது. சாப்பாடு இருந்தால் அதைத் திரும்ப நிரப்பிப்போடும். ஆனால் தீட்டு நிண்ட வயசுக்குப் பிறகு பிடுங்கிற கூட்டத்தை அடக்கிறதுக்கு உடம்பிலை ஆளில்லை. அந்த நேரம் பட்டினியும் கிடந்தால் நடுறவை எதைக் கொண்டு நடுறது? இது தண்டனை இல்லை அக்கா. உங்கடை எலும்பு குடுத்துக் குடுத்தே மெலிஞ்சு போச்சு."

மெலிந்த தடிகளும், கரையில் வெறுங்கையோடு குந்தியிருந்தவர்களும், எங்கோ கேட்ட தாலாட்டும் கனிசியசின் கண்முன் வந்தன. யாருடைய கடலென்று இப்போது தெரிந்தது. அதைத் தாங்க முடியாமல் அவர் வாட்டின் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். இரண்டு காலிலும் நின்றார். அதுகூட அவருக்கு நினைவில்லை.

மறுநாள் மத்தியானம் பூவரசின் நிழல் வாசலுக்கு வந்தபோது கட்டிலில் மக்டலீன் கிடந்தாள். கனிசியஸ் ஊன்றுகோலோடு அடுப்படிக்கும் அறைக்குமாக நடந்தார். ஒவ்வோர் அடியும் நொந்தது. நோகட்டும், நோக வேண்டும் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். பாதி அறை வரைக்கும் அந்தோனியாரின் மணல் அப்படியே கிடந்தது. மீதியை அள்ளிவர ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. நண்டுச் சாற்றைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். நண்டை அவரே இடித்திருந்தார். ஓடும் சேர்ந்து விழுந்திருந்தது.

"நீங்கள் குடிச்சனீங்களே?"

"நான் பேந்து குடிப்பன்."

"தபசுகாலமெல்லே, நான்..."

"கிடையிலை கிடக்கிற ஆக்களுக்கு ஒருசந்தி இல்லையாம். சுவாமியிட்டைக் கேட்டுப்போட்டன்."

அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். பிறகு சுருவத்தைப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் அந்தப் பழைய பிடிவாதம் மெல்ல எழுந்து வருவதைக் கனிசியஸ் கண்டார்.

"அந்தோனியாரே," என்று அவள் தொடங்கினாள், "என்ரை கை மட்டும் சரிவந்தால், உம்மடை கொடியேறுமட்டும் நான்..."

கனிசியஸ் கரண்டியை நிரப்பி அவளுடைய வாய்க்குள் வைத்தார்.

"நேத்தி பேந்து," என்றார். "முதல் இதை விழுங்கு."